சிப்புக்கும் ஊர் உண்டு

நியூ ஜெர்ஸியில் எங்கள் வட்டாரத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். அவர் வீட்டுக்கு யார் போனாலும் காபிக்கு முன்னால் வருவது சுவரில் மாட்டிய ஒரு கண்ணாடிச் சட்டம்தான். உள்ளே வரிசையாகப் பழைய புராசஸர்கள். வெள்ளைப் பீங்கானில் தங்க மூடி போட்ட இன்டெல் 4004, மாஸ் டெக்னாலஜி 6502, ஸைலாக் இசட்80, மோட்டரோலா 68000... எல்லாம் ஈபே ஏலத்தில் எடுத்தவை. அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அவர் காசு, அவர் சுவர். என் வழக்கு அவர் சொன்ன ஒரு வாக்கியத்தோடு மட்டும்தான்: "நம்ம ஊர்ல சேகரிக்க என்னய்யா இருக்கு? நாமெல்லாம் 2000-க்கு அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தவங்கதானே!"

இதே வாக்கியத்தைப் பொங்கல் விழாவில் கேட்டிருக்கிறேன், பிறந்தநாள் பார்ட்டியில் கேட்டிருக்கிறேன், விமானத்தில் பக்கத்து சீட்காரரிடம்கூடக் கேட்டாயிற்று. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என் கட்சி இவ்வளவுதான். ஒரு சிப் அபூர்வமாவது அதன் நம்பரால் மட்டும் அல்ல. அது எங்கே இருந்தது, யாருக்காக என்ன வேலை பார்த்தது என்பதாலும்தான். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போர்டிலிருந்து பிடுங்குகிறவர், தங்கத்துக்காகப் பிடுங்கினாலும் சரி, ஷோகேஸுக்காகப் பிடுங்கினாலும் சரி, ஒரே வேலையைத்தான் செய்கிறார்.

முதலில் சேகரிப்பவர்களின் வித்தைக்கு மரியாதை செய்துவிடுவோம். அது சும்மா விளையாட்டு இல்லை. பழைய சிப்பைக் கையில் எடுத்தால் அவர்கள் அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படிப்பார்கள். இன்டெல்லின் பழைய சிப்பில் நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். 'சி' என்றால் தங்க மூடி போட்ட பீங்கான் உறை, 'டி' என்றால் இரண்டு பீங்கான் துண்டுகளைக் கண்ணாடிப் பசையால் ஒட்டிய உறை, 'பி' என்றால் பிளாஸ்டிக். 1971 நவம்பரில் விளம்பரம் வந்த 4004-ல் மொத்தமே 16 கால்கள், உள்ளே சுமார் 2300 டிரான்சிஸ்டர்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் சாம்பல் நிறக் கோடுகள் தெரிகிற 'சி' ரகம் என்றால் விலை எகிறிவிடும்.

அடுத்து தேதி. பெரும்பாலான சிப்புகளில் நான்கு இலக்கம் இருக்கும். 8423 என்றால் 1984-ம் வருஷம் 23-வது வாரம். இதிலும் ஒரு கூத்து உண்டு. 7402 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1974-ன் இரண்டாவது வாரமா, இல்லை 7402 என்கிற சாதாரண லாஜிக் சிப்பா என்று யோசிக்க வேண்டும். இன்டெல் சிப்பில் காப்புரிமைக் குறியோடு இருக்கும் வருஷத்தைப் பார்த்து "ஆஹா, 1978 சிப்" என்று ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். அது வடிவமைப்புக்கு உரிமை பதிந்த வருஷம், சிப் செய்த வருஷம் இல்லை. 'மலேசியா' என்று இருந்தால் அங்கே உறை போட்டார்கள் என்று அர்த்தம். இன்டெல் பினாங்கில் 1972-லேயே கடை விரித்துவிட்டது. உள்ளே இருக்கும் சிலிக்கான் வேறு நாட்டில் பிறந்திருக்கும். (பிறந்தது ஓர் ஊர், சட்டை போட்டுக்கொண்டது வேறு ஊர், வேலை பார்ப்பது மூன்றாவது ஊர். நமக்குத் தெரியாத கதையா?)

இன்னும் நுணுக்கமானவை உண்டு. 1975-ல் 25 டாலருக்கு வந்து சந்தையையே கலக்கிய 6502-ன் ஆரம்பச் சிப்புகளில் 'ஆர்ஓஆர்' என்கிற ஒரு கட்டளையே கிடையாது. 1976 நடுவில்தான் அது வந்தது. ஆகவே தேதிக் குறியைப் பார்த்தே ஒருவர் சொல்லிவிட முடியும், இது அந்த ஊனத்தோடு பிறந்த மூத்த பிள்ளை என்று. 1987-ல் இன்டெல் 386-ல் 32 பிட் பெருக்கலில் தவறு வருவது தெரிந்தது. சோதித்துத் தேறியவற்றின் மேல் இரண்டு சிக்மா எழுத்தைக் குத்தினார்கள். தேறாதவற்றின் மேல் 16 பிட் மென்பொருளுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்து அதையும் விற்றார்கள். இன்று இரண்டுக்கும் ஆள் தேடி அலைகிறார்கள்.

போலியும் உண்டு. பழைய எழுத்தைச் சுரண்டி, கறுப்புப் பூச்சு அடித்து, புது எழுத்து அச்சடிப்பார்கள். மேல்பரப்பும் பக்கவாட்டும் ஒரே சொரசொரப்பாக இருக்கிறதா, முதல் காலைக் காட்டும் குழி பூச்சில் மூழ்கிக் கிடக்கிறதா, அசிட்டோன் தொட்ட பஞ்சில் கறுப்பு வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள்.

ஒத்துக்கொள்கிறேன், அருமையான வித்தை. ஆனால் இதெல்லாம் சிப்பின் ஜாதகம். பிறந்த வாரம், பிறந்த பட்டறை, பிறவிக் குறை. ஜாதகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்ல முடியுமா? நம்ம ஆட்கள் ஜாதகத்தோடு நின்றுவிடுகிறார்கள். அங்கேதான் சண்டை.

சரி, "நம்ம ஊர்ல என்ன இருக்கு" என்ற கேள்விக்கு வருவோம்.

1982 மே மாதம் கேரளாவில் பரவூர் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதல்முறையாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாது என்றது தனிக்கதை. பெங்களூர் பெல் நிறுவனத்தில் இந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் முன்னின்றவர் நம்ம சுஜாதா. 1986-ல் பெங்களூரில் தேசிய விமானவியல் ஆய்வகம் இன்டெல் 8086-களை இணைத்து 'ஃப்ளோசால்வர்' என்ற இணைக்கணினியைக் கட்டியது. 1991-ல் சி-டாக்கின் பரம் 8000 வந்தபோது அதற்குள் இருந்தவை இங்கிலாந்து இன்மாஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்பியூட்டர்கள். ஈபேயில் டிரான்ஸ்பியூட்டரைத் தேடி வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இன்னும் பக்கத்தில் வாருங்கள். மொகாலியில் அரசின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் 1984-ல் உற்பத்தி தொடங்கியது. அமெரிக்க ராக்வெல்லோடு ஒப்பந்தம் போட்டு 6502 குடும்பத்துச் சிப்புகளில் இறங்கியது. பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரை 'யூனிகார்ன்' என்ற பெயரில் செய்ததும் அதே நிறுவனம்தான். 1984-85-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நாடு முழுக்க சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ போனது. 1989 பிப்ரவரியில் மொகாலி ஆலை தீப்பிடித்து எரிந்தது. எழுந்து நிற்கப் பல வருஷம் ஆனது. அதே வளாகத்தில்தான் இஸ்ரோவுக்கான விக்ரம் 3201 செய்யப்பட்டு, 2025 செப்டம்பரில் பிரதமர் கையில் கொடுக்கப்பட்டது. அந்தப் படத்தை நம்ம வாட்ஸப் குழுக்களில் எத்தனை முறை அனுப்பினோம்! பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறோம். தாத்தா சிப் எந்தக் குப்பையில் கிடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மொகாலி முத்திரையோடு ஒரு 6502 கையில் கிடைத்தால், என்னைக் கேட்டால், நண்பரின் சட்டத்தில் உள்ள 6502-க்குக் கொடுக்கும் இடத்தை விட உயர்ந்த இடத்தை அதற்குக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் என் ஊர்ப் பக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் எல்லையோரத் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்காரம்மாவுக்கு இடுக்கி, கம்பம்மெட்டுப் பக்கம். ஆக இரண்டு எல்லையும் எங்கள் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழ். பாலக்காட்டிலிருந்து வாளையார் சோதனைச் சாவடிக்குப் போகிற வழியில் கஞ்சிக்கோடு. அங்கே 1976-ல் ஐடிஐ, அதாவது இந்தியத் தொலைபேசித் தொழிலகம், எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுகளுக்காக ஒரு தொழிற்சாலை தொடங்கியது. அந்தத் தொழிற்சாலை பஸ் போகிற நேரத்தை வைத்து மணி பார்த்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு. 1984-ல் சி-டாட் தொடங்கி, கிராமங்களுக்கான 128 போர்ட் எக்ஸ்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் வந்தது. ஏசி இல்லாமல், வெயிலிலும் புழுதியிலும் ஓடுகிற மாதிரி செய்த எக்ஸ்சேஞ்ச். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் என்பது என்ன? ஒரு அலமாரி நிறைய புராசஸர் கார்டுகள்தானே! பின்னால் புதுத் தலைமுறை நெட்வொர்க் வந்ததும் அந்தப் பழைய எக்ஸ்சேஞ்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அலமாரிகள் எங்கே போயின? வேறெங்கே, எடைக்குத்தான்.

எஸ்டிடி பூத்தை மறந்துவிட்டீர்களா? குமுளியிலும் கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் மஞ்சள் போர்டு போட்ட கண்ணாடிக் கூண்டு. ராத்திரி 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்று அம்மாவும் அத்தையும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு எண்கள் ஓட ஓட நெஞ்சு அடித்துக்கொண்டதே, அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு புராசஸர்தான் இருந்தது. 8051 வம்சத்துச் சிப்புகள்தான் அந்தக் காலத்தில் இந்த மாதிரி கருவிகளுக்குச் சுலபமாகக் கிடைத்த சரக்கு. பால் சங்கத்தில் கொழுப்பு அளந்த மெஷினிலும், எஸ்டேட்டில் கொழுந்து எடை போட்ட எலக்ட்ரானிக் தராசிலும் இதே ஜாதிச் சிப்புகள்தான்.

"8051 எல்லாம் ஒரு அபூர்வமா? கிலோ கணக்கில் கிடைக்குமே" என்பீர்கள். சிப் கிடைக்கும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஈப்ராம் கிடைக்காது. நடுவில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்த சிப், அதன் மேல் ஒரு ஸ்டிக்கர், அதுதான் ஈப்ராம். பல எஸ்டிடி மீட்டர்களில் எந்தக் கோடுக்கு எத்தனை நொடிக்கு ஒரு யூனிட், எந்த மணிக்கு அரைக் கட்டணம், எந்த மணிக்குக் கால் கட்டணம் என்ற பட்டியல் அதற்குள்தான் இருந்தது. ஏதோ ஒரு சின்ன கம்பெனியில் யாரோ ஒரு இன்ஜினியர் எழுதிய நிரல். அந்தக் கம்பெனி இன்று இல்லாமல் போயிருக்கலாம். மூலப் பிரதி எங்கும் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அந்தச் சிப்பில் இருப்பதுதான் கடைசிப் பிரதி. 4004-ஆவது உலகத்தில் பல கைகளில் இருக்கிறது!

போன லீவில் வாளையார் ரோட்டில் ஒரு ஆக்கிரிக்கடைக்குப் போனேன். (தமிழ்நாட்டுக்காரர்களுக்கு: காயலாங்கடை.) ஒரு பையன் ஸ்குரூ டிரைவரை வைத்துச் சிப்புகளை நெம்பி எடுத்து இரண்டு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு டப்பா 'மஞ்சள்', இன்னொன்று 'கறுப்பு'. தங்கம் தெரிந்தால் மஞ்சள், தெரியாவிட்டால் கறுப்பு. அவனுடைய அடையாளம் காணும் கலை அவ்வளவுதான்.

"அண்ணா, இந்த மீட்டர் தனியா என்ன விலை?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"தனி விலையெல்லாம் ஏதுங்க தம்பி? எல்லாம் கிலோ கணக்குத்தான். வேணுங்கிறதப் பொறுக்கி எடுத்துக்குங்க, தராசுல வெச்சுரலாம்."

"இது எந்தக் கடையிலிருந்து வந்ததுன்னு தெரியுமாண்ணா?"

"யாருங்க அதையெல்லாம் எழுதி வெக்கறாங்க?"

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் வேறு விலை சொல்லவில்லை. நம்மில் ஒருவரும் போய் "இதைத் தனியா எடுத்து வையுங்கள், இந்த ஊர் பேரையும் எழுதி வையுங்கள், எடைக்கு மேலே பத்து மடங்கு தருகிறேன்" என்று சொன்னதில்லை. நாம் யூட்யூபில் பென்டியம் புரோவிலிருந்து தங்கம் எடுக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு வாய் பிளந்தவர்கள். ஒரு சிப்பில் கிடைப்பது ஒரு கிராம்கூட இல்லை. அதற்காக ராஜதிராவகத்தை வாளியில் ஊற்றி, பழுப்புப் புகையை மூச்சில் இழுத்து, மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டும் பிழைப்பு யாரோ ஒரு ஏழைக்கு. வீடியோவுக்கு லைக் நமக்கு.

சட்டமாவது காப்பாற்றுமா? 2022-ல் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகளில் மறுசுழற்சிக்கான சான்றிதழ் கணக்கு தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்று உலோகத்தின் எடையில் ஓடுகிறது. சுற்றுச்சூழலுக்கு அது தேவைதான். ஆனால் அந்தக் கணக்கில் மொகாலி 6502-க்கும் உடைந்த மிக்ஸிக்கும் வித்தியாசம் இல்லை. தொல்பொருள் சட்டம் 1972-ஐ எடுத்தால், ஒரு பொருளுக்கு நூறு வயது ஆக வேண்டும். பழைய சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75. அதாவது 1984-ல் செய்த யூனிகார்ன் 2084 வரை உயிரோடு இருந்தால் நம்ம அரசு அதைத் திரும்பிப் பார்க்கும். அதற்குள் ஆக்கிரிக்கடைக்காரர் எத்தனை முறை திரும்பிப் பார்ப்பார்!

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1956 நவம்பர் 1-ல் கோடு போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவில் நின்றன. பாலக்காடு மெட்ராஸ் மாநிலத்தை விட்டுப் போனது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வரலாறு எழுதுகிறவர் எங்களைத் தமிழர் என்று விட்டுவிடுவார். அந்தப் பக்கம் எழுதுகிறவர் கேரளாக்காரர் என்று விட்டுவிடுவார். கொழுந்து பறித்த பெண்ணின் கூலியைத் தீர்மானித்த தராசு யாருடைய அருங்காட்சியகத்தில் வரும்? கிலோ கணக்கில் கூலி சொன்ன தராசையே இன்று கிலோ கணக்கில் விற்கிறோம். இதைவிடக் கேவலம் வேண்டுமா?

செய்ய முடியாது என்பதும் இல்லை. மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். 1924 வெள்ளத்தில் அழிந்த குண்டளை ரயிலின் ஒரு சக்கரத்தை வைத்திருக்கிறார்கள். நம்ம தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் தொழிற்பள்ளியில் 1913-ல் செய்த சூரியக் கடிகாரம் இருக்கிறது. யாரோ ஒருவர் அந்தச் சக்கரத்தைப் பழைய இரும்பு என்று விற்காமல் வைத்தார். அவ்வளவுதான் விஷயம். வெறும் சக்கரம்தான், ஆனால் அது எங்கே ஓடியது என்று பலகையில் எழுதியிருப்பதால் நாம் நின்று பார்க்கிறோம். பலகையை எடுத்துவிட்டால் அது இரும்பு. சிப்புக்கும் அதே கதைதான்.

இனி நீங்கள் எடுத்து வீசப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"முழு மெஷினையும் வைக்க இடம் எங்கே? சிப்பை மட்டும் எடுத்தால்தானே காப்பாற்ற முடியும்?" நியாயமான கேள்வி. இடுக்கி மழையில் போர்டு பூஞ்சை பிடிக்கும், கரையான் பெட்டியைத் தின்னும், பேக்கப் பேட்டரி ஒழுகிச் செம்புக் கோடுகளை அரிக்கும். சில நேரம் சிப்பை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுக்கும் முன் நான்கு போட்டோ எடுக்க இரண்டு நிமிஷம் ஆகுமா? எந்த ஊர், எந்தக் கடை, எந்த வருஷம் வரை ஓடியது, யார் கொடுத்தார் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுத எத்தனை இடம் வேண்டும்? இடம் இல்லாதது வீட்டில் இல்லை, மனசில்.

"அமெரிக்க மியூசியத்துக்குக் கொடுத்தால் நல்லா பார்த்துக்கொள்வார்களே?" பார்த்துக்கொள்வார்கள், சந்தேகமே இல்லை. கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் நம்மில் நிறையப் பேர். போன எல்லாரும் திரும்பி வரும்போது பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்வி: "அப்பா, நம்ம ஊர்ல இது மாதிரி இல்லையா?" இருந்த ஒன்றிரண்டையும் சூட்கேஸில் போட்டு இங்கே கொண்டுவந்துவிட்டு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? கஞ்சிக்கோட்டில் பாட்டியும் பேரனும் பஸ்ஸில் போய்ப் பார்க்க முடிகிற இடத்தில் இருந்தால்தான் அது அவர்களுடையது. நான் வாங்கிய அந்த மீட்டர் ஊரிலேயே, எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. பிளைட் ஏறவில்லை, ஏறவும் போவதில்லை.

"நீயும் கடைசியில் ஏழை ஆக்கிரிக்காரன் பிழைப்பில்தானே கை வைக்கிறாய்?" இல்லை ஐயா. அவருக்கு எடை விலைக்கு மேல் காசு கொடுக்கச் சொல்கிறேன். தங்கம் எடுக்கிறவன் கொடுப்பதைவிட அதிகமாக, அமிலப் புகை இல்லாமல். ஈபேயில் நூற்றுக்கணக்கில் டாலர் போட யோசிக்காத கை, வாளையாரில் ஐநூறு ரூபாய்க்கு ஏன் பேரம் பேசுகிறது?

"அதெல்லாம் மட்டமான காப்பி மெஷின்கள், வெள்ளைக்காரன் டிசைன்." இந்த வாதம்தான் எனக்கு ரத்தம் கொதிக்க வைப்பது. கிழக்கு ஜெர்மனி இசட்80-ஐப் பார்த்து யு880 செய்தது. சோவியத் ரஷ்யா 8080-ஐப் பார்த்துத் தன் சிப்பைச் செய்தது. இன்று அந்த 'காப்பி'களைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் யார்? இதே சேகரிப்பாளர்கள்தான். ஜெர்மன்காரன் காப்பி அடித்தால் அபூர்வம், மொகாலிக்காரன் உரிமம் வாங்கிச் செய்தால் மட்டமா? அந்நியச் செலாவணி இல்லாத காலத்தில், இறக்குமதிக்கு லைசென்ஸ் வாங்கவே நடையாய் நடந்த காலத்தில் செய்ததை அதன் காலத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே இந்த வருஷம் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் கேட்கிறேன். உங்கள் ஊர் எதுவாக இருந்தாலும் சரி, கஞ்சிக்கோடோ கும்பகோணமோ.

பரணில் ஏறிப் பாருங்கள். சித்தப்பா நடத்திய எஸ்டிடி பூத்தின் மீட்டர், மாமா வேலை பார்த்த கம்பெனியின் பயிற்சிப் போர்டு, பள்ளிக்கூடத்தில் 'கண்டம்' பண்ணி ஒதுக்கிய பெட்டி, ஏதாவது கிடைக்கும். கிடைத்தவுடன் பவர் கொடுத்துப் பார்க்காதீர்கள். முதலில் போட்டோ, இரண்டு பக்கமும். பேட்டரி இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஈப்ராம் ஜன்னல் திறந்திருந்தால் வெளிச்சம் புகாத ஸ்டிக்கரை ஒட்டுங்கள். பழைய ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், அதில்தான் பதிப்பு எண் இருக்கும். பிரோகிராமர் கருவி வைத்திருக்கும் யாரையாவது பிடித்து உள்ளே இருப்பதை நகல் எடுத்து வையுங்கள், வருஷம் போகப் போக அது அழியும். தனிச் சிப்பாகக் கிடைத்தால் தெர்மகோலில் குத்தி வைக்காதீர்கள், நிலைமின்சாரம் கொன்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் முக்கியம், கேளுங்கள். சித்தப்பாவைக் கேளுங்கள், அந்தத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணாவைக் கேளுங்கள், தராசில் எடை போட்ட அக்காவைக் கேளுங்கள். மொபைலில் பதிவு செய்யுங்கள். தேதிக் குறியைப் படிக்க இன்னும் ஐம்பது வருஷம் கழித்தும் யாராவது வருவார்கள். அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தவர்கள் அத்தனை காலம் இருக்க மாட்டார்கள்.

பெரிய மனிதர்களிடமும் ஒரு கோரிக்கை. 2015-ல் தொடங்கிய பாலக்காடு ஐஐடியின் வளாகம் இருப்பது அதே கஞ்சிக்கோட்டில். மூணாறிலும் பைனாவிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றில் ஓர் அறை, நான்கு அலமாரி, மலையாளத்திலும் தமிழிலும் எழுதிய சீட்டுகள் போதும். முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு ஆண்டு விழாவில் சால்வை போத்துகிற செலவு அதற்கு ஆகாது. கேட்கத்தான் ஆள் வேண்டும். கடிதம் எழுத நான் தயார், கையெழுத்துப் போட உங்களில் எத்தனை பேர் தயார்?

4004-ஐ ஈபே பார்த்துக்கொள்ளும். அதற்கு உலகம் முழுக்கக் காவல் இருக்கிறது. குமுளி பூத்தின் மீட்டருக்கு நம்மை விட்டால் நாதி இல்லை.